பிரக்ஞைக் கோட்பாடுகள்: சோதனை முடிவுக்கு எடை போடுவது எப்படி?

கரிசல்மை (கேள்வி)

பிரக்ஞை பற்றிய நான்கு கோட்பாடுகளை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதலாவது டெஹான் தரப்பின் பணிக்களக் கோட்பாடு: ஒரு தகவல் முன்நெற்றிப் புறணி (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் வெளியடுக்கு) வழியாக மூளை முழுக்க ஒலிபரப்பானால்தான் அது நம் பிரக்ஞைக்கு வருகிறது. அடுத்து டோனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு (கீழே ஃபை கோட்பாடு என்று சுருக்கிவிடுகிறேன்): தனக்குத்தானே காரணமாகவும் விளைவாகவும் இருக்கும் பிணைப்பு எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அங்கேதான் பிரக்ஞை, அது பெரும்பாலும் புறணியின் பின்பகுதி. அந்தப் பிணைப்பின் அளவுக்குத்தான் ஃபை என்று பெயர். மூன்றாவதாக லமேயின் பின்னூட்டக் கோட்பாடு: பார்வைப் பகுதிகளுக்குள் திரும்பி வரும் சைகையே போதும். கடைசியாக உயர்படிக் கோட்பாடு: முதல்படிப் பதிவைப் பற்றி மேலே இன்னொரு பதிவு உருவாக வேண்டும்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு வரிசை. கோட்பாட்டுக்கு ஆதரவென்றால் +1, எதிரென்றால் −1, சம்பந்தமில்லை என்றால் 0. கூட்டினால் பணிக்களம் முன்னால் நிற்கிறது. ஆனால் சில இடங்களில் இடிக்கிறது. ஒரே முடிவு இரண்டு மூன்று கோட்பாட்டுக்கு +1 வாங்கிவிடுகிறது. காஜிடேட் கூட்டாய்வில் (பணிக்களத் தரப்பும் ஃபை தரப்பும் சேர்ந்து திட்டமிட்டது, 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது) இரு தரப்பும் சிலவற்றில் தேறி, சிலவற்றில் தோற்றிருக்கின்றன. அதற்கு எத்தனை புள்ளி? டிஎம்எஸ் துடிப்பு (தலைக்கு வெளியிலிருந்து தரும் காந்தத் துடிப்பு) கொடுத்து இஇஜியின் (மூளை மின்னலைப் பதிவின்) சிக்கல்தன்மையை அளக்கும் பிசிஐ குறியீட்டை ஃபை கோட்பாட்டின் கணக்கில் வரவு வைக்கலாமா?

புள்ளிக் கணக்கு தவறு என்றால், கட்டங்களில் எதைத்தான் எழுதுவது?

சல்லடை

புள்ளிக் கணக்கைக் கைவிடுங்கள். அது கேட்கும் கேள்வியே வேறு. "இந்த முடிவு இந்தக் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறதா?" என்று கேட்டால் எல்லாமே எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கேட்க வேண்டியது: இந்தக் கோட்பாடு உண்மையென்றால் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, எதிர்க் கோட்பாடு உண்மையென்றால் எவ்வளவு வாய்ப்பு. இரண்டையும் வகுத்து வரும் விகிதம்தான் எடை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முகம் பார்க்கிறாரா, பொருள் பார்க்கிறாரா என்பதைப் புறணியின் பின்பகுதியில் வரும் சைகையிலிருந்து கண்டுபிடிக்க முடிகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஃபை கோட்பாடு சரியென்றால் இது வர 0.95 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிக்களம் சரியென்றால்? அப்போதும் 0.9, ஏனென்றால் பார்வைப் பகுதியில் பார்வைத் தகவல் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? 0.95-ஐ 0.9-ஆல் வகுத்தால் சுமார் 1.06. இப்படிப் பத்து ஆய்வுகள் தனித்தனியாக வந்தாலும் பெருக்கினால் 1.7-தான் தேறும். உங்கள் அட்டவணையிலோ அது +10. அதே நேரம் ஒரு கோட்பாடு 0.8 என்றும் மற்றது 0.2 என்றும் சொல்லும் ஒரே ஒரு சோதனை 4 மடங்கு எடை. பத்து சாதாரண ஆய்வும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

விகிதங்களைப் பெருக்குவது தொல்லை என்றால் லாகரிதம் எடுத்துக் கூட்டலாம். கூட்டல்தான் வேண்டுமென்றால் அந்தக் கூட்டலைச் செய்யுங்கள்.

இன்னொன்று. விகிதம் எப்போதும் இரண்டு கோட்பாடுகளுக்கு இடையில்தான். பணிக்களம் அடிவாங்கினால் ஃபைக்கு லாபம் என்று தானாக ஆகிவிடாது. அதே முடிவைப் பின்னூட்டக் கோட்பாடும் எதிர்பார்த்திருந்தால் லாபத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆகவே நான்கு நெடுவரிசை போதாது. ஆறு ஜோடி வேண்டும். அல்லது ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கோட்பாட்டின் கீழ் இம்முடிவுக்கு உள்ள வாய்ப்பை மட்டும் எழுதிவிட்டு, விகிதத்தைப் பிறகு எடுங்கள். இரண்டாவது வழி சுலபம்.

ஒளித்துளி

சல்லடை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வரிசைகளுக்குள் நுழையும் ஆய்வுகளே எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்காமல் விகிதம் போட்டால், தப்பான தராசில் துல்லியமாக நிறுத்த கதைதான்.

2022-இல் யாரோன், மெலோனி, பிட்ஸ், முட்ரிக் நால்வரும் 412 சோதனைகளைத் தொகுத்து ஒரு தரவுத்தளம் போட்டார்கள். அவர்கள் கண்டது கொஞ்சம் சங்கடமானது: ஒரு சோதனை எந்தக் கோட்பாட்டுக்கு ஆதரவாக முடியும் என்பதை, முடிவைப் பார்க்காமல், முறையை வைத்து மட்டுமே ஊகிக்க முடிந்தது. பங்கேற்பவரிடம் "பார்த்தீர்களா?" என்று கேட்டார்களா, பிரக்ஞை நிலையை (விழிப்பா, மயக்கமா) ஆராய்ந்தார்களா உள்ளடக்கத்தையா (எது தெரிகிறது), எந்தக் கருவி, இவ்வளவுதான். அப்படியானால் உங்கள் அட்டவணையில் பணிக்களம் முன்னால் நிற்பது, அந்த மாதிரி சோதனைகள் நிறைய நடந்தன என்பதற்கும் சான்றாக இருக்கலாம்.

ஒவ்வொரு வரிசையோடும் முறை பற்றிய மூன்று நான்கு தகவலைக் கட்டாயம் சேருங்கள்.

முதலில், பதில் சொல்லச் சொன்னார்களா என்பது. பொத்தானை அழுத்தச் சொன்னால் கவனம், நினைவு, முடிவெடுத்தல், கை அசைவு எல்லாம் கூடவே வரும். அவற்றுக்கெல்லாம் முன்மூளை (முன்நெற்றிப் புறணியைத்தான் இப்படிச் சுருக்குகிறேன்) வேலை செய்யும். 2014-இல் ஃப்ரெஸ்லே குழு, இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும் போட்டிப் பார்வைச் சோதனையில், பொத்தானுக்குப் பதிலாகக் கண் அசைவையும் கண்மணி அளவையும் வைத்து எந்தப் படம் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். பொத்தான் போனதும் எஃப்எம்ஆர்ஐயில் (ரத்த ஓட்டத்தை வைத்து மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் முறை) முன்மூளைச் செயல்பாடு பெரிதும் இறங்கியது. 2020-இல் கோஹன் குழு இஇஜியில் காட்டியதும் இதே ரகம்: கேள்வி கேட்காவிட்டால், படம் தெளிவாகத் தெரிந்தாலும், சுமார் 300 மில்லிநொடிக்குப் பிறகு வரும் பி3பி அலை காணாமல் போகிறது. ஒரு காலத்தில் பணிக்களத்தின் கையெழுத்தாகவே கருதப்பட்ட அலை அது.

அதற்காகத் தராசை மறுபக்கம் சாய்த்துவிடக் கூடாது. 2021-இல் செர்ஷான் குழு ஒலியை வைத்துச் செய்த சோதனையில், பதில் கேட்காதபோதும் "ஒன்று கேட்டது, இல்லையேல் இல்லை" என்று இரண்டாகப் பிரியும் செயல்பாடு மிஞ்சியது. 2022-இல் கபூர் குழு குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில், பதில் கேட்காத போட்டிப் பார்வையிலும், எந்தப் படம் தெரிகிறது என்பதைத் மின்முனை வைத்து, நியூரான்களின் துடிப்பிலிருந்தே படித்தார்கள். எஃப்எம்ஆர்ஐயில் இறங்கிய முன்மூளை, மின்முனையில் இறங்கவில்லை. ஒரு வாக்ஸலுக்குள் (எஃப்எம்ஆர்ஐ படத்தின் மிகச் சிறிய கட்டம்) பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் வேறு வேறு விஷயத்துக்குத் துடித்தால் சராசரி தட்டையாகிவிடும். அதுதான் காரணமாக இருக்கலாம். பதில் கேட்காததால் மனம் சும்மா இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பொத்தான் இல்லாதவரும் பார்த்ததைப் பற்றி யோசிப்பார்.

அடுத்தது, "பார்க்கவில்லை" என்பதை எப்படி முடிவுசெய்தார்கள் என்பது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வழக்கமான செய்முறை: 50 சதவீதத்துக்கு (இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே கிடைக்கும் அளவு) மேல் சரியாகச் சொல்லாதவர்களை மட்டும் பொறுக்கி, "இவர்கள் பார்க்கவில்லை, ஆனாலும் மூளையில் இது நடந்தது" என்பார்கள். ஒருவருக்கு 20 சுற்று மட்டுமே கொடுத்திருந்தால் அளவின் திட்டப் பிழை (தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) சுமார் 11 சதவீதப் புள்ளி. உண்மையில் 61 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர் அன்று 50-இல் விழுவது சர்வசாதாரணம். அவரைப் பொறுக்கி எடுத்துவிட்டு "பிரக்ஞையில்லாத செயலாக்கம்" என்று பெயர் வைத்தால், அளந்தது அரைகுறையாகப் பார்த்ததைத்தான். 200 சுற்று என்றால் பிழை 3.5 புள்ளியாகச் சுருங்கும். சுற்றுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இத்தகைய ஆய்வுக்கு 0.8, 0.2 என்றெல்லாம் எழுதாதீர்கள்.

திரையையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி. 33 மில்லிநொடி காட்ட இரண்டு சட்டகம். ஒன்று தவறி மூன்றானால் 50 மில்லிநொடி. பார்வையை மறைக்க அடுத்துக் காட்டும் மறைப்புப் படம் வருவதற்குள் கண்ணில் தெரிந்தேவிடும். திரையின் மூலையில் ஒளி உணரி ஒட்டி நேரத்தைச் சரிபார்த்தார்களா என்பது செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் இருக்கும். இல்லையென்றால் அந்த வரிசையைச் சாம்பல் நிறத்தில் போடுங்கள்.

கரிசல்மை

புரிகிறது. ஆனால் 0.8, 0.2 எல்லாம் எங்கிருந்து வருகிறது? புள்ளிக் கணக்கில் என் சாய்வு +1-ஆக ஒளிந்திருந்தது, இப்போது 0.8-ஆக ஒளிந்திருக்கும். பெயர்தானே மாறியது?

சல்லடை

சாய்வு போகாது. ஆனால் வெளியே தெரியும், அதுதான் லாபம். +1 என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர முடியாது. 0.8 என்றால் "ஏன் 0.6 இல்லை?" என்று கேட்கலாம். ஒற்றை எண் போடாமல் ஒரு வீச்சு போடுங்கள். இரு முனையிலும் விகிதம் 1-க்கு ஒரே பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் அந்த ஆய்வு எதையும் தீர்மானிக்கவில்லை.

எண்ணை இரண்டாக உடைத்தால் இன்னும் நேர்மையாக வரும். ஒன்று, கோட்பாட்டின் மையக் கருத்து சரியென்றால் இந்தக் கணிப்பு கட்டாயம் பின்தொடருமா, அல்லது நடுவில் துணை அனுமானங்கள் இருக்கின்றனவா. மற்றது, விளைவு உண்மையிலேயே இருந்தால் இந்தக் கருவி அதைப் பிடித்திருக்குமா.

காஜிடேட்டிலிருந்தே எடுக்கிறேன். படம் திரையில் தோன்றும்போதும், மறையும்போதும், முன்நெற்றிப் புறணியில் பற்றவைப்பு (ஒலிபரப்பைத் தொடங்கும் திடீர்ச் செயல்பாட்டு எழுச்சி) நடக்க வேண்டும் என்பது பணிக்களத் தரப்பின் கணிப்பு. மறையும்போது பொதுவாக அது கிடைக்கவில்லை. கீழே வரும் எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆய்விலிருந்து எடுத்தவை அல்ல. கணிப்பு மையக் கருத்திலிருந்து நேரடியாக வருகிறது, கருவி 0.8 வாய்ப்போடு பிடிக்கும் என்று வைத்தால், பணிக்களம் சரியாக இருந்தும் "கிடைக்கவில்லை" என்று வர 0.2 வாய்ப்புதான். மறுதரப்பில் 0.95 என்று வைத்தால் விகிதம் 4.75. பலமான அடி. இப்போது ஒருவர் சொல்கிறார்: "படம் மறைவதை யாரும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை, எனவே அது பணிக்களத்துக்குள் வராமலே போயிருக்கலாம்." சரி, கணிப்பு பின்தொடர 0.7 வாய்ப்பு என்று இறக்குவோம். 0.7 × 0.8 = 0.56, கிடைக்காமல் போக 0.44. விகிதம் 2.16. அடி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்த 0.7-ஐ முடிவு வருவதற்கு முன் சொன்னார்களா, பின் சொன்னார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதிரெதிர்த் தரப்பினரை முன்கூட்டியே உட்காரவைத்து, கணிப்புகளை எழுதி வாங்கி, பொதுவில் பதிவுசெய்துவிட்டு ஆய்வைத் தொடங்கியதன் பயன் இதுதான்: முன்பே 1.0 என்று ஒப்புக்கொண்டவர் பின்னால் 0.7 கேட்க முடியாது. கேட்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. பின்னால் சேர்த்த துணை அனுமானத்தை அடுத்த ஆய்வில் புதுக் கணிப்பாகச் சோதித்துக் காட்ட வேண்டும். அதுவரை உங்கள் அட்டவணையில் இரண்டு எண்ணையும் போடுங்கள்: "பதிவுசெய்தபடி 4.75; விளக்கத்தை ஏற்றால் 2.16".

மின்முனை

காஜிடேட் வரிசையை ஒரே வரிசையாகப் போட்டதுதான் கேள்வி கேட்டவரின் சிக்கல் என்று நினைக்கிறேன். அது ஓர் ஆய்வு அல்ல, மூன்று சோதனைகளின் கட்டு. 256 பேர், எஃப்எம்ஆர்ஐ, எம்இஜி (மூளையின் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியே அளப்பது), வலிப்புநோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்கள் என்று மூன்று வழி. முகம், பொருள், எழுத்து, எழுத்துபோலத் தோன்றும் போலிக் குறி என நான்கு வகைப் படங்கள். ஒவ்வொன்றும் 0.5, 1.0 அல்லது 1.5 நொடி திரையில் நிற்கும். நேராகவோ, இடமோ வலமோ திரும்பியோ இருக்கும். பங்கேற்பவர் குறிப்பிட்ட இரண்டு இலக்குகளைத் தேடுவார்; அதனால் சில வகைகள் வேலைக்குத் தொடர்புள்ளவை, சில தொடர்பற்றவை.

முதல் கட்டம்: உள்ளடக்கம் எங்கே இருக்கிறது. படத்தின் வகை பின்பகுதியிலும் கிடைத்தது, முன்மூளையின் கீழ்ப்பகுதியிலும் கிடைத்தது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது போன்ற விவரம் முன்மூளையில் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. பார்ப்பவருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் பணிக்களத்தில் இருக்க வேண்டும் என்றால் இது இடறல். டெஹான் தரப்புக்கு இதில் ஒரு சந்து உண்டு: முன்மூளையின் குறியீடு அடர்த்தி குறைந்தது, ஆளுக்கு ஆள் இடம் மாறும், ஆகவே டீகோடர் (சைகையிலிருந்து படத்தை ஊகிக்கும் கணினி நிரல்) தவறவிடலாம். இந்தச் சந்தை அடைக்க, அதே டீகோடரால் அதே பகுதியில் வகையைப் பிடிக்க முடிந்ததா என்று பாருங்கள். முடிந்தது. அதனால் கருவியின் திறன் பூஜ்ஜியம் இல்லை. அதே சமயம் வகையைவிடத் திருப்பம் நுண்ணிய வேறுபாடு என்பதும் உண்மை. 0.8 போடாமல் 0.5 போடுவேன்.

இரண்டாம் கட்டம்: எவ்வளவு நேரம் நீடிக்கிறது. பின்பகுதியில் படம் நிற்கும் வரை செயல்பாடு நின்றது. ஃபை தரப்பு இதை வெற்றி என்கிறது. கணிப்பு பலித்தது உண்மை. எடை குறைவு என்பதும் உண்மை. திரையில் படம் இன்னும் இருக்கும்போது பார்வைப் பகுதி துடிப்பதை எந்தக் கோட்பாடும் மறுக்கவில்லை. படம் மறையும்போது பற்றவைப்பு இல்லை என்பதுதான் இந்தக் கட்டத்தில் கனமான சரக்கு. அதைச் சல்லடை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் கட்டம்: ஒத்தியக்கம். பின்பகுதிக்குள் முகப் பகுதியும் ஆரம்பப் பார்வைப் பகுதியும் படம் நிற்கும் முழு நேரமும் ஒத்தியங்க வேண்டும் என்று ஃபை தரப்பு கணித்தது. நீடித்த ஒத்தியக்கம் கிடைக்கவில்லை. பிணைப்பே பிரக்ஞை என்று சொல்லும் கோட்பாட்டுக்கு இது ஓரத்தில் பட்ட அடி இல்லை. ஆனால் கருவித் திறனைக் கேளுங்கள்: மூளைக்குள் மின்முனையை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது மருத்துவத் தேவை, ஆய்வாளர் அல்ல. ஒரே நோயாளிக்கு இரண்டு இடத்திலும் மின்முனை இருப்பது அரிது. இணைகள் குறைந்தால் "கிடைக்கவில்லை" என்பதன் எடையும் குறையும்.

ஒன்றும் கிடைக்காத முடிவுகளைப் பற்றிப் பொதுவாக: பி-மதிப்பு 0.05-க்கு மேல் என்பது "இல்லை" என்பதற்குச் சான்று அல்ல. "இல்லை" என்ற பக்கம் பேயஸ் காரணி (சல்லடை சொன்ன அதே வகை விகிதம்) 3-க்கு மேல் போயிருக்கிறதா என்று பாருங்கள். 1-க்கு அருகில் நின்றால் தரவு வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

நீடிப்பு, மறைவு பற்றிய எந்த இஇஜி, எம்இஜி ஆய்வை அட்டவணையில் சேர்த்தாலும் உயர்-கடத்து வடிகட்டியின் (மெதுவான மாற்றங்களை நீக்கும் வடிகட்டி) அளவை முதலில் தேடுங்கள். இதைப் பலர் தாண்டிப்போகிறார்கள். 1.5 நொடி சமமாக நின்று பிறகு விழும் ஒரு பெட்டி வடிவச் சைகையை, 1 ஹெர்ட்ஸில் வெட்டும் முதல்நிலை வடிகட்டி வழியாக அனுப்புங்கள். அதன் கால மாறிலி சுமார் 0.16 நொடி. தோன்றியதும் உச்சம், அரை நொடியில் 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும், 1.5 நொடியில் படம் மறையும்போது எதிர்க்குறியில் முழு உயரத்துக்கு ஓர் உச்சம். நேரத்துக்கு நேரம் தனியாகப் பயிற்சி பெறும் டீகோடருக்குக் குறி பொருட்டில்லை. ஆகவே "தொடக்கத்தில் ஒரு பற்றவைப்பு, நடுவில் அமைதி, முடிவில் ஒரு பற்றவைப்பு" என்று படம் கிடைக்கும். அப்படியே பணிக்களத்தின் கணிப்பு! மூளையில் நடந்ததோ ஃபை தரப்பு சொன்ன நீடித்த செயல்பாடு. 0.1 ஹெர்ட்ஸில் வெட்டினாலும் 1.5 நொடியில் சைகை 39 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 0.01 ஹெர்ட்ஸ் என்றால் 91 சதவீதம் மிஞ்சும். முன்னும் பின்னுமாக ஓடவிடும் வடிகட்டியில் வடிவம் கொஞ்சம் மாறும், நோய் அதேதான். படம் தோன்றுவதற்கு முன்பே தகவல் இருப்பதுபோல் காட்டும் கூடுதல் விஷமமும் அதில் உண்டு.

மூளைக்குள் மின்முனையில் 70–150 ஹெர்ட்ஸ் அலையின் உறையை (அதன் வலு ஏறி இறங்கும் கோட்டை) எடுத்துப் பார்த்தால் இந்தப் பிரச்சினை எழாது. காஜிடேட்டின் நீடிப்புச் சோதனை அந்த வகைத் தரவை நம்பியிருப்பதால், இந்த ஆட்சேபத்தை அதன்மேல் வைக்க முடியாது. தலைக்கு வெளியே அளந்த பழைய ஆய்வுகள்மேல் தாராளமாக வைக்கலாம்.

கண் அசைவையும் விட்டுவிடாதீர்கள். முகம் என்றால் பார்வை ஒரு பக்கம் நகரும், எழுத்து என்றால் வேறு பக்கம். கண் விழியின் மின்புலம் முன் உணரிகளில்தான் பலமாக விழும். அதனால் "முன்மூளையில் வகையைப் படித்தோம்" என்பவர்கள் கண் அசைவுத் தரவை மட்டும் வைத்து அதே டீகோடரை ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவும் தேறிவிட்டால் படித்தது மூளையை அல்ல.

நடைவண்டி

கொஞ்சம் முரண்படுகிறேன். விகிதக் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் இந்தக் கோட்பாடுகள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. பணிக்களம் விளக்குவது, ஒரு தகவல் எப்படிப் பேச்சுக்கும் யோசனைக்கும் கிடைக்கிறது என்பதை. ஃபை விளக்க முயல்வது, அனுபவம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்பதை. இரண்டுமே அவரவர் கேள்விக்குச் சரியாக இருக்கலாம். அப்போது விகிதம் எதை அளக்கிறது?

பிசிஐ இதற்கு நல்ல உதாரணம். டிஎம்எஸ் துடிப்புக்குப் புறணி தரும் எதிரொலியைச் சுருக்கிப் பார்த்து, எவ்வளவு சுருங்க மறுக்கிறது என்பதை ஓர் எண்ணாக்குகிறார்கள். 2013-இல் காசாலி, மாசிமினி குழு வெளியிட்டது, பின்னால் 0.31 என்ற எல்லைக்கோடு நிலைபெற்றது. புரோபோஃபால் மயக்கத்தில் எண் விழுகிறது. கீட்டமைனில் ஆள் அசைவற்றுக் கிடந்தாலும், விழித்ததும் கனவு சொல்கிறார். எண்ணும் உயரத்திலேயே நிற்கிறது. படுக்கையருகில் வைத்துப் பயன்படுத்த அருமையான கருவி. ஆனால் அது ஃபை அல்ல. ஃபையை முழு மூளைக்குக் கணக்கிடவே முடியாது, சேர்க்கைகள் வெடித்துப்போகும். மயக்கத்தில் தொலைதூரத் தொடர்பு முறியும் என்று பணிக்களமும்தான் சொல்கிறது. பின்னூட்டக் கோட்பாடும் சொல்லும். ஃபையின் யோசனையிலிருந்து பிறந்த கருவி என்பதால் வரவு அங்கே போகாது. பிறப்பு வேறு, எடை வேறு. விகிதம் 1-க்கு ஒட்டி. இதில் சல்லடையோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இங்கே. டோரிக் குழு 2019-இல் வைத்த வாதத்தைப் பாருங்கள். பின்னூட்டம் உள்ள எந்த வலையையும், அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீடு தரும் முன்னோக்கு வலையாக (சைகை ஒரே திசையில் மட்டும் போகும் வலை) விரித்துவிடலாம். விரித்த வலைக்கு ஃபை பூஜ்ஜியம். நடத்தையில் வித்தியாசமே இல்லை. பங்கேற்பவர் சொல்வதை வைத்துத்தான் "பார்த்தேன், பார்க்கவில்லை" என்று பிரிக்கிறோம் என்றால், இந்த இரண்டு வலையையும் எந்தச் சோதனையும் பிரிக்காது. விகிதம் எப்போதும் 1. 2023 செப்டம்பரில் 124 பேர் கையெழுத்திட்டு ஃபை கோட்பாட்டைப் போலி அறிவியல் என்றது எனக்கு உவப்பில்லை; காரமான சொல், காரியத்துக்கு உதவவில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் இந்த நியாயமான கேள்வி இருந்தது.

சல்லடை

கேள்வி நியாயம். விரித்தல் வாதத்துக்கு என் பதில் பாதிதான்: அது மையக் கருத்தின் ஒரு பகுதியைச் சோதிக்க முடியாது என்கிறது, மொத்தத்தையும் அல்ல. நம் மூளை விரித்த வலை இல்லை, அதில் பின்னூட்டம் இருக்கிறது என்று வெட்டிப் பார்த்தே தெரியும். அந்த மூளைக்குள் எந்தப் பகுதி, எந்த நேரம் என்று ஃபை தரப்பு சொல்வதெல்லாம் சோதனைக்கு உட்பட்டதுதான்.

அதோடு, ஃபை கோட்பாட்டிடம் வேறு யாரும் சொல்லத் துணியாத ஒரு கணிப்பு இருக்கிறது. துடிக்காமல் சும்மா இருக்கும் நியூரானும், துடிக்கவே முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்ட நியூரானும் ஒன்றல்ல என்கிறது அது. இரண்டிலும் வெளியே போகும் சைகை பூஜ்ஜியம். பணிக்களத்துக்கு இரண்டும் ஒன்று. சைகை இல்லையேல் ஒலிபரப்பு இல்லை. ஃபைக்கோ அனுபவம் மாற வேண்டும். ஏற்கெனவே துடிக்காமல் இருக்கும் நியூரான்களை மட்டும் குளிர்வித்தோ ஒளியாலோ முடக்கி, வேறெதையும் தொடாமல், பார்வை மாறுகிறதா என்று கேட்க வேண்டும். "வேறெதையும் தொடாமல்" என்பதுதான் செய்முறையில் கழுத்தைப் பிடிக்கும். முடக்கியதன் அதிர்வு பக்கத்துக்குப் பரவினால் சோதனை வீண். ஆனால் செய்ய முடிந்தால் ஒரு தரப்பில் 0.9, மறுதரப்பில் 0.05 போட யாரும் தயங்கமாட்டார்கள். விகிதம் 18. இதுவரை நாம் பார்த்த வேறெந்த ஒரு வரிசையும் இதற்கு எதிரில் நிற்காது.

வேறு வேறு கேள்வி என்பதற்கு: ஆம், அதனால்தான் எடை போட வேண்டியது கோட்பாட்டின் பெயருக்கு அல்ல, "காட்சி அனுபவத்துக்கு முன்நெற்றிப் புறணி தேவை" போன்ற தனித்தனிக் கூற்றுக்கு.

கரிசல்மை

திருத்தி எழுதிப் பார்த்தேன். இப்போது ஒரு வரிசை இப்படி இருக்கிறது:

கூற்று: காட்சி மறைவதும் முன்நெற்றிப் புறணியில் பற்றவைப்பாகப் பதியும். முன்பதிவு: உண்டு. பதில் கேட்டார்களா: இலக்குக்கு மட்டும். முடிவு: பொதுவாகக் கிடைக்கவில்லை. வாய்ப்பு: பணிக்களம் 0.2 முதல் 0.44, ஃபை 0.95, பின்னூட்டம் 0.9. உயர்படி?

கடைசிக் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். சரியா? அப்புறம், ஒரே ஆய்வகத்திலிருந்து ஒரே மறைப்பு முறையில் வந்த ஏழு ஆய்வுகள் இருக்கின்றன. ஏழையும் பெருக்கலாமா?

ஒளித்துளி

காலியாக விட்டதுதான் சரி. உயர்படித் தரப்பு இந்தச் சோதனையில் கணிப்பு எதுவும் பதிவுசெய்யவில்லை. அவர்களுக்காக நாம் ஊகித்து எண் போட்டால், முடிவைத் தெரிந்துகொண்டு போட்ட எண்ணாகத்தான் இருக்கும்.

ஏழையும் பெருக்காதீர்கள். ஒரே திரை, ஒரே மறைப்புப் படம், ஒரே "பார்க்கவில்லை" அளவுகோல் என்றால் ஒரு பிழை ஏழிலும் இருக்கும். ஏழையும் ஒரு கொத்தாகக் கட்டி ஒரே விகிதம் கொடுங்கள், கூடிப்போனால் ஒன்றரை ஆய்வின் எடை. அந்தக் கொத்துக்கு வெளியே, வேறு முறையில் அதே கூற்றைச் சோதித்த ஒரே ஓர் ஆய்வு கிடைத்தால் அதைத் தனி வரிசையில் போடுங்கள்.

மின்முனை

"பின்னூட்டம் 0.9" என்ற எண்ணுக்கும் அதே கேள்வி பொருந்தும். லமே தரப்பும் இந்தச் சோதனைக்குக் கணிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. அதையும் காலியாக்குங்கள், பதிவுசெய்த கணிப்பு இருப்பது பணிக்களத் தரப்புக்கும் ஃபை தரப்புக்கும் மட்டும்தான்.